ஒரு நொடி மூடிய குடை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாட்டிய நாடகம் அமைத்துத் தர மெட்ராஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். நானே அமைத்த முதல் நாடகம். இது சொதப்பினால் இன்னொன்று கிடைக்காது என்ற பயத்தில் சரியான தூக்கமே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் பிள்ளைகளை உட்கார வைத்துக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினேன். கருடன் மேல் பெருமாள் வருவார், பின்னால் இரண்டு பெரிய குடைகள். பெருமாளாக ஆட வேண்டிய பெண்ணுக்கு அன்று காலைதான் அம்மை போட்டிருந்தது. வேறொரு பெண்ணைத் தயார் செய்துவிட்டேன். ஆனாலும் பிள்ளைகளின் முகம் தெளியவில்லை. மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற தவிப்பில், "என்னதான் வேணும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவளுக்காக ஒரு தடவ குடையால மூடணும் டீச்சர்" என்றாள் குடை பிடிக்கும் பெண்.

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள்.

"எங்க ஊர் பெருமாள் கோயில் கருட சேவைக்கு வர முடியாம ஒருத்தர் வெளியூர்ல தவிச்சிக்கினு இருந்தாராம். பெருமாள் அங்கயே போய்க் காட்சி குடுத்தாராம். அதான் இப்பவும் கோபுர வாசல்ல ஒரு நொடி பெருமாள குடையால மூடுவாங்க. அந்த நேரம் பெருமாள் அவர்கிட்ட இருக்கறாரு."

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உச்சக் காட்சியில் மேடையை மறைத்தால் விசில் பறக்குமே. கூடவே கூடாது என்றேன். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள்.

மறுநாள் மாலை மேடையின் ஓரத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். கருடன் வந்தது. திடீரென்று இரண்டு குடைகளும் முன்னால் சாய்ந்து பெருமாளை மூடிவிட்டன. தொலைந்தோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விசில் வரவில்லை. கண்ணைத் திறந்தால் கூட்டமே எழுந்து கைகூப்பி நிற்கிறது. முன்வரிசையில் ஓர் அம்மாள், "யாராலயோ வர முடியல போலக்குது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் முன் அம்மை போட்டிருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றேன். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"குடை மூடுனாங்களா டீச்சர்?"

"மூடுனாங்கம்மா."

"அப்போ எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் போயிருக்காரு."

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகள் ஏறி இறங்கிவிட்டேன். இன்றும் என் ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு நொடி மேடையை மறைத்து வைக்கிறேன், ஏனென்றால் வர ஆசைப்பட்டு வர முடியாமல் போன யாரோ ஒருவர் எங்கேயாவது இருக்கத்தான் செய்கிறார்.