முதல் கேள்விக்கு அவள் எழுதிய பதில்

பயிற்சி நிலையத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கணினி வேலைக்கு முதன்முதலாக நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு, எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்று எப்படி மரியாதையாகச் சொல்வது என்றெல்லாம் ஏழு வருடமாகச் சொல்லிக்கொடுத்துவந்தாள். படிப்பு முடித்த வருடம் எங்கும் ஆள் எடுக்கவில்லை. வேறு கிடைக்கும்வரை இது இருக்கட்டும் என்று சேர்ந்தவள். அவளிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய், வீடு மாறி, தெருவில் பார்த்தால் "இன்னும் அங்கேதானா டீச்சர்?" என்று விசாரிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். கேட்கிற விதம்தான் சுருக்கென்று தைக்கும்.

முதலாளி ஒருநாள் மாதிரிப் பதில்களைத் தொகுத்துப் புத்தகம் போட வேண்டும் என்றார். ஒரே வாரத்தில் நாற்பது பதில் எழுதிக்கொடுத்தாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விதான் இழுத்தடித்தது. ஆளுக்கு ஆள் மாறுகிற பதிலை எப்படி அச்சடிப்பது? உதாரணத்துக்கு இருக்கட்டும் என்று தன் கதையையே எழுதினாள். அப்பாவின் ஜெராக்ஸ் கடை, தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வாசல்வரை வரிசை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவேன் என்கிறான். பதினாலு வயதுப் பெண் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரேம் அட்டையை உருவி, கறுத்துப்போன அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுகிறாள். திரையில் வெளிச்சம் வருகிறது. அப்பா தன் நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். அடியில், "உங்கள் சொந்தக் கதையை இதுபோலச் சொல்லுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டாள்.

கொட்டை எழுத்தை யார் படித்தார்கள்? கதையை அப்படியே நெட்டுருப் போட்டார்கள். நேர்காணலில் பஸ் ஓட்டுநர் மகனும் தன் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை வைத்துக்கொடுத்தான், டாக்டர் மகளும் வைத்துக்கொடுத்தாள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதா இல்லையா, அப்புறம் எதற்கு நோண்டுகிறீர்கள் என்று முதலாளி அவள் வாயை அடைத்துவிட்டார். புத்தகத்தின் அட்டையிலும் அவர் பெயரைத்தான் போட்டுக்கொண்டார்.

பெரிய நிறுவனம் ஒன்றின் கணினி உதவிப் பிரிவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. முப்பது வயதைத் தாண்டிய புதியவர்களை அங்கே எடுப்பதில்லை. அவளுக்கு முப்பது ஆக இன்னும் ஆறு வாரம் இருந்தது. இதுவும் போனால் ஆயுசுக்கும் அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அப்பாதான் அதிகாரி. கடையை மூடிய பிறகு அவருக்கும் அதிகாரம் பண்ண ஆள் இல்லாமல் இருந்தது. சட்டையை இன் பண்ணி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நெட்வொர்க் பற்றிய கேள்விகளைத் தப்பும் தவறுமாக வாசித்தார். முதல் கேள்வியைக் கேட்க மட்டும் அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதற்குப் படிப்பு, மதிப்பெண், கற்ற மென்பொருள் என்று வேறொரு பதில் தயார் செய்திருந்தாள். ஊரே சொல்லித் தேய்ந்த கதையை நானும் சொல்லணுமா என்று அவள் தயங்கியதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்கல்லாம் பொய்யா சொன்னாங்கம்மா. நீ நிஜமா சொல்லப்போற. கேக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?"

தெரியும் என்று அவளும் நம்பினாள். ஏழு வருடம் இதையே பாடமாக எடுத்தவள் நம்பக்கூடிய விஷயமா அது? ஆனாலும் அப்பா சொன்னால் நம்பத்தான் தோன்றுகிறது.

நேர்காணலுக்கு அப்பாவும் கூடவே வந்தார். கீழ்த்தளத்து வரவேற்பறை சோபாவில் அவரை உட்கார வைத்துவிட்டு மேலே போனாள். செய்முறைத் தேர்வில் மூன்று பழுதுகள் கொடுத்தார்கள். மற்றவர்கள் முதல் பழுதிலேயே முழித்துக்கொண்டிருந்தபோது அவள் மூன்றையும் முடித்துவிட்டாள். பிறகு கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடுவயதில் ஒரு மேடம், பக்கத்தில் பேனாவோடு ஓர் இளைஞர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மேடம். கடை, வரிசை, மெக்கானிக் என்று அவள் தொடங்கினாள். ஒத்திகையில் வராத தழுதழுப்பு குரலில் வந்தது. இளைஞர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்புறம் ரப்பரால தேச்சீங்க. அப்பா நாற்காலிய விட்டுக்கொடுத்தார். சரியா?"

மேடம் கோபப்படவில்லை. இந்த மாதம் இந்தக் கதையோடு வந்த ஒன்பதாவது ஆள் நீங்கள் என்றார். மற்ற எட்டுப் பேரையும் அத்தோடு அனுப்பிவிட்டதாகவும், அவள் செய்முறையில் நன்றாகச் செய்ததால்தான் இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும் சொன்னார்.

"இது என் கதைதான் மேடம். அந்தப் புத்தகத்த எழுதினதே நான்தான்."

"அதையும் ரெண்டு பேர் சொல்லிட்டாங்க," என்றார் இளைஞர்.

நிரூபிக்க வழியில்லை. புதியவர்களுக்கான வேலை என்பதால் பயிற்சி நிலையத்தில் இருந்ததை விண்ணப்பத்தில் அவளே மறைத்திருந்தாள்.

"மனப்பாடம் வேணாம்மா. உங்க வாழ்க்கையில நிஜமா நடந்தது ஒண்ணு சொல்லுங்க, போதும்," என்றார் மேடம்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த ஆறு வாரம் கண்முன்னே நின்றது. போன வருடம் வகுப்பில் ஒருத்தி அழுதுகொண்டே தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். இதையெல்லாம் வெளியில் சொல்லாதே, புத்தகத்தில் இருப்பதைச் சொல் என்று அவளை அடக்கியது டீச்சர்தான். இப்போது அந்தக் கதை டீச்சர் வாயிலிருந்தே வந்தது.

"எங்கப்பாவுக்கு நான் படிக்கிறதே பிடிக்காது மேடம். ஒரு தடவை புத்தகத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டார். அவருக்குத் தெரியாமத்தான் பரீட்சை எழுதினேன். இப்பவும் பேச்சு இல்ல."

இளைஞர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். வேலை உறுதி என்று அங்கேயே சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? இவ்வளவு பட்ட பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், வாசல்வரை நானே வருகிறேன் என்று லிஃப்டில் கூடவே இறங்கினார்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அப்பா சோபாவிலிருந்து எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கி ஆட்டினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். யாரோ."

தான் சொல்லிக்கொடுத்தபடியே, தடுமாறாமல், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து, சிரித்த முகத்தோடு சொன்னாள். அப்பா காதில் அது விழுந்தது. தூக்கிய கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கினார்.

எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு அப்பா ஐந்து நிமிடம் கழித்து வந்தார். வந்தவர் நாலு ஆள் தள்ளி நின்றார். கிடைத்ததா என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டார். கிடைத்துவிட்டது என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை. மேலே என்ன நடந்தது என்று அவர் கேட்கவும் இல்லை. தன்னால் மகள் வேலைக்கு ஏதோ இடைஞ்சல் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது.

"பக்கத்துல வாங்கப்பா," என்றாள்.

"அந்தம்மா இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. நீ முன்னால ஏறிக்கோ."

பஸ் வந்தது. அவர் பின்பக்கமாக ஏறி, தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டார்.