கடித்த பிள்ளையும் என் சத்துமாவு உருண்டையும்

"வீல்!" என்ற சத்தம் கேட்டு, கையிலிருந்த ரிஜிஸ்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்றரை வயது இர்ஃபான் இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்து வைத்திருந்தான். அந்த வாரத்தில் மூன்றாவது கடி. செம்மண்டலம் பக்கத்து அங்கன்வாடியில் அப்போது நான்தான் டீச்சர்.

கடிபட்ட பிள்ளையின் அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "காலங்காத்தால புள்ளைய இங்க தள்ளிட்டு வேலைக்கு ஓடுனா இப்பிடித்தான் டீச்சர் வளரும்!"

நானும் தலையாட்டினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இர்ஃபானின் அம்மா ரஹ்மத் சிதம்பரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். படித்து முடித்து ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த வேலை, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கடி விவகாரம் சவுதியில் இருந்த கணவர் காதுக்குப் போய்விட்டது.

"டீச்சர் வுடச் சொன்னா வேலைய வுட்டுடணும்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம சாயங்காலம் போன் பண்ணுவாரு. பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடச் சொல்வதென்று முடிவே கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை சத்துமாவு தீர்ந்துபோனது. எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா கிளம்பும் நேரம் பிள்ளை கையில் மாவு உருண்டையைக் கொடுத்து, முகத்தைத் திருப்பி, "கண்ணுல படாம நழுவிடும்மா" என்போம். அன்று உருண்டை இல்லை. வேறு வழியில்லாமல் ரஹ்மத் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போறேன்டா தங்கம். சாயங்காலம் வந்துடுவேன்."

ஐயையோ, என்ன அழுகை! அரை மணி நேரம் தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிளாக் அடுக்க உட்கார்ந்தான். சாயங்காலம்வரை ஒரு கடி இல்லை!

வெள்ளிக்கிழமை காலை மாவு வந்துவிட்டது. பழக்கதோஷம், உருண்டையை நீட்டினேன். ரஹ்மத் நழுவினாள். அவன் தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தான், வாசலுக்கு ஓடினான், அம்மாவைக் காணாமல் திரும்பி வந்தான், பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கடித்தான். எனக்குப் பொறி தட்டியது. அடிப்பாவி, கடிக்க வைத்தது நானல்லவா!

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே ஓடினேன். வீடியோ காலில் ரஹ்மத்தை முந்திக்கொண்டு கத்தினேன். "தம்பி, குத்தம் இவ வேலையில இல்ல, என் வேலையில! அம்மா போறத மறச்சு மறச்சுப் புள்ளைய மெரள வுட்டது நான்தான்!"

ரஹ்மத்தின் கணவர் திரையில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, "அப்ப வேலைய வுட வேண்டியது நீங்கதானா டீச்சர்?" என்றார். ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

திங்கள் முதல் ரஹ்மத் உட்பட எல்லா அம்மாக்களும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே வேலைக்குப் போனார்கள். ஒரு வாரம் சென்டர் சந்தைக்கடைதான். இர்ஃபான் கடிப்பதை அதோடு விட்டான். புதிதாக வரும் டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன்: வேலைக்குப் போகிறாளே என்று ஒரு அம்மாவைக் குறை சொல்லும் முன், அவளை நாம் எப்படி வழியனுப்பினோம் என்று பாருங்கள்.