ஜாமெட்ரி பாக்ஸில் புகையிலை

பண்ணைக்காடு என்ற மலையூரில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சிறுவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று சட்டம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வட்டம் வரையச் சொன்ன ஒரு நாள், பின்பெஞ்சு மாணவி ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நானே வாங்கித் திறந்தேன். காம்பஸுக்கு அடியில் புகையிலைப் பாக்கெட், பாதி தீர்ந்திருந்தது.

"எங்க வாங்கினே?"

"பஸ் ஸ்டாண்டு கடையில, டீச்சர். காலையில சாப்பிடாம வந்தா வாயில வச்சுக்குவேன். பசிக்காது."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்துக் கூலிகள். விடியும்போதே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விற்றவன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. இடைவேளை மணி அடித்ததும் நேரே கடைக்குப் போனேன். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பது குற்றம் என்ற பலகை அங்கே தொங்கியது. அதன் எழுத்தைப் பாதி மறைத்துச் சரம் சரமாகப் பாக்கெட்டுகள்.

"சின்னப் பிள்ளைக்கு இதைக் குடுக்கலாமா?" என்றேன்.

கடைக்காரர் அசரவில்லை. "அப்பாவுக்குன்னு கேட்டுச்சு, குடுத்தேன். உங்க ஸ்கூல் சார் ஒருத்தரு தெனமும் பிள்ளைகளை அனுப்பித்தான் சிகரெட் வாங்குறாரு. மொதல்ல அதை நிறுத்துங்க டீச்சர். பொறவு எங்கிட்ட வாங்க."

எனக்கு அது தெரியும். மூத்தவரோடு எதற்கு வம்பு என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பள்ளிக்குத் திரும்பி வந்து, ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கும்போதே மாணவியின் பாக்ஸில் புகையிலை இருந்ததைச் சொல்லிவிட்டு, அந்த சாரிடம் திரும்பினேன். "சார், இனிமே சிகரெட் வேணும்னா நீங்களே போய் வாங்கிக்கங்க."

"இம்புட்டுச் சின்னச் சோலிக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் அவர். தலைமை ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "நமக்குள்ள பேசித் தீத்திருக்கலாமே டீச்சர்" என்றார். புகையிலை தின்ற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளி விடும் நேரத்தில் அந்தக் கடை வாசலில் போய் நின்றேன். ஒரு வாரத்தில் கடைக்காரர் சலித்துப்போனார். "யூனிபார்ம்ல யாரு வந்தாலும் குடுக்க மாட்டேன். போதுமா?" என்றார். பிள்ளைகள் யூனிபார்முக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனார்கள், அவர்களுக்குக் கொடுத்தார். முகத்தைப் பார்த்தாலே வயது தெரியாதா என்று மறுபடி சண்டை போட்டேன். அதன் பிறகுதான் நிறுத்தினார்.

அந்த மாணவிக்கு வருடக் கடைசிவரை காலையில் இட்லி கொண்டுபோனேன். சார் மாற்றலாகிப் போகும்வரை என்னோடு பேசவே இல்லை. ஆனால் கடைக்கு அவரேதான் நடந்தார்.