அவன் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

தொழில்முறைச் சைக்கிள் பந்தயங்களில் ஓடிய வருடங்களில் நான் ஒன்றைக்கூட வென்றதில்லை. வெல்வதற்காக என்னை யாரும் வேலைக்கு எடுக்கவும் இல்லை. பல நாட்கள் தொடர்ந்து ஓடும் பந்தயங்களில் ஓர் அணியில் ஆறேழு பேர் இருப்போம். அதில் ஒருவனுக்காகத்தான் மற்றவர்கள் ஓடுவார்கள். அவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்குவோம். பின்னால் வரும் அணியின் காருக்குப் போய், தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்போம். எதிரணிக்காரன் யாராவது பாய்ந்து போனால் துரத்துவோம். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, கடைசி நாளில் யாருக்கு நேரம் குறைவோ அவனை வென்றவன் என்பார்கள். எங்களைப் போன்றவர்களின் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் சொல்ல வருவது பிரிட்டனில் நடந்த ஒரு செப்டம்பர் மாதத்துப் பந்தயத்தைப் பற்றி. அதற்கு முன்னால் ஜனவரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் அம்மா இறந்தார்.

அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு எட்டு வயது. லண்டனில், டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தோம். அக்கா இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா போன அன்று நான் ஸ்பெயினில் அணியோடு பயிற்சியில் இருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, அம்மா போயிட்டா. நீ அவசரப்படாம ஆறுதலா வா. வழியில சாப்பிட்டிட்டு வா" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். சுடலையில் கொள்ளி வைப்பதற்குப் பதிலாக ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அமத்தினேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டேன். அழுகை வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அந்த வருடம் எனக்குப் பசிக்கவில்லை, குளிரவில்லை, யார் மீதும் கோபம் வரவில்லை. வேலைக்கு அது வசதியாகவே இருந்தது. சொன்னதைச் செய்கிற ஆள் என்று பெயரெடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் அணியில் இரண்டு பேர் வெல்ல நினைத்தார்கள். ஒருவன் முன்னர் ஒரு தடவை இதே பந்தயத்தை வென்றவன், முப்பத்தைந்தைத் தாண்டியவன். அவனை மூத்தவன் என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவன் இளையவன், மலையேற்றத்தில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. இருவரும் காலைச் சாப்பாட்டுக்கு வேறு வேறு மேசைகளில் இருந்தார்கள். ஒருவனுக்கு நான் தண்ணீர் கொண்டுபோனால் மற்றவன் வேறு பக்கம் பார்ப்பான். யார் தலைவன் என்று மனேஜர் சொல்லவே இல்லை. "ஓடிப் பார்ப்போம், தெரிந்துவிடும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இளையவனும் நானும் ஒரே உயரம். எங்களை ஒரே அறையில் போட்டிருந்தார்கள்; என்னுடைய சைக்கிளையும் அவனுடைய அளவுக்கு அமைத்து வைத்திருந்தார்கள். நடுவழியில் அவனுடைய டயர் வெடித்தால் காருக்காகக் காத்திருக்காமல் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எனக்குக் கால் சற்று நீளம் என்பதால் இருக்கை தேவையானதைவிடக் கொஞ்சம் தாழ்வு. முழங்கால் வலிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் இளையவன் முதலிடத்துக்கு வந்தான். முதலிடத்தில் இருப்பவன் போடும் சட்டையை அவனுக்குப் போட்டார்கள். ஐந்தாம் நாள் வேல்ஸ் மலைகளுக்குள் ஓட்டம். மழையும் பக்கக் காற்றும். காற்றில் கூட்டம் துண்டு துண்டாகக் கிழிந்துவிட்டது. முன் துண்டில் நானும் மூத்தவனும் இருந்தோம். இளையவன் எங்களுக்குச் சற்றுப் பின்னால். முன் துண்டில் எங்களோடு எதிரணியின் தலைவனும் அவனுடைய ஆட்கள் மூன்று பேரும்.

காதுக்குள் ரேடியோவில் மனேஜரின் குரல் கேட்டது. "அவனுக்குப் பஞ்சர். நீ நின்று உன் சைக்கிளைக் கொடு."

மூத்தவனுக்கும் அது கேட்டிருக்கும். அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "போகாதே. காற்று இருக்கிறது. நீ போனால் நான் தனியே இவர்களோடு இருக்க வேண்டும்."

அவன் சொன்னதும் பொய்யில்லை. எதிரணியில் நான்கு பேர், நாங்கள் இரண்டு பேர். நான் பிரேக்கைப் பிடித்தேன்.

இளையவன் வந்து இறங்கி, என் சைக்கிளில் ஏறிப் போனான். அவனுடைய வெடித்த சைக்கிளோடு நான் வீதியோரம் நின்றேன். கார் குறுகிய வீதியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. கல்மதிலுக்கு அந்தப் பக்கம் செம்மறியாடுகள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பந்தயம் முழுவதும் என்னைக் கடந்து போய்விட்டது. கை விரல்கள் விறைத்திருந்தன. பயமோ அவசரமோ எதுவும் வரவில்லை. அந்த மழையில் நிற்பது எனக்குச் சும்மா இருப்பது போலவே இருந்தது.

அன்று முன்னால் என்ன நடந்தது என்பதை மாலையில் விடுதியின் டீவியில் பார்த்தேன். எதிரணிக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். மூத்தவன் அவர்களுக்குப் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம், அது முறை. தன் அணிக்காரன் பின்னால் துரத்தி வரும்போது யாரும் முன்னால் வந்து காற்றைத் தாங்கிக் கூட்டத்தை வேகமாக இழுக்க மாட்டார்கள். மூத்தவன் முன்னால் வந்து இழுத்தான். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. இளையவன் தனியே காற்றில் துரத்தி, கண்ணுக்கெட்டும் தூரம் வரை வந்து, பிடிக்க முடியாமல் போனான். அன்று மாலை அந்தச் சட்டை மூத்தவனுக்குப் போனது.

எங்கள் அணியில் தசை பிடித்துவிடுகிறவன் ஒரு மலேசியத் தமிழன். லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அவனோடு மட்டும்தான் அணியில் தமிழ் பேசலாம். அன்று மாலை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டான்.

"மச்சான், நாளைக்கு யாருக்கு ஓட்டப் போற?"

"சொல்லுற ஆளுக்கு."

"ஒனக்குன்னு ஒண்ணும் தோணலையா?"

"இல்லை."

அவன் கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தான். பிறகு, "கால் கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

சாப்பாட்டு மேசையில் மனேஜர், இனி எல்லோரும் மூத்தவனுக்காக ஓட வேண்டும் என்று அறிவித்தார். இளையவன் எழுந்து போனான். அறைக்கு நான் வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நாளைக்கு ரேடியோவைக் கழற்றிவிடு" என்றான். "கேட்கவில்லை என்று சொல்லலாம்."

நான் விளக்கை அணைத்தேன். அடுத்த நாள் ரேடியோ என் காதில் இருந்தது. மூத்தவனுக்கு முன்னால் காற்றில் ஓடினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. இளையவன் கூட்டத்தின் கடைசியில், எங்கள் அணிச் சட்டைதான் என்றாலும் வேறு யாரோபோல ஓடினான்.

கடைசி நாள் லண்டனில். ஆற்றங்கரையோரம் வட்டம் வட்டமாக ஓடும் சமதரை ஓட்டம். யாரும் விழாமல் கூட்டத்தோடு வந்து சேர்ந்தால் மூத்தவன் வென்றவன். கடைசி வட்டம் வரை அவனை முன்னால் வைத்திருப்பது என் வேலை. அதை முடித்துவிட்டு மிதிப்பதைத் தளர்த்திவிட்டேன். எல்லோரும் போன பிறகு மெதுவாக வந்து சேர்ந்தேன்.

அக்கா தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். வெயிலிலும் அம்மாவின் பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள்.

"ஏன்டா இவ்வளவு பின்னுக்கு வந்தனீ? விழுந்து போனாயோ எண்டு பயந்து போனன்."

"இல்லை அக்கா. என்ர வேலை முதலே முடிஞ்சுது."

"அப்ப உங்கட ஆக்கள் வெண்டிட்டினமோ?"

"ஓம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது இளையவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். அந்தப் பக்கம் அணியின் பேருந்தைச் சுற்றி ஷாம்பெயினும் கமராக்களும். அங்கே போக அவனால் முடியவில்லை போலிருந்தது.

"உன் வீடு எங்கே?" என்று கேட்டான்.

"டூட்டிங்."

"தூரமா?"

"இல்லை."

அக்கா அவனைப் பார்த்து ஆங்கிலத்தில், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். என்னிடம் தமிழில், "நான் டியூபில போறன். நீங்கள் ரெண்டு பேரும் உந்தச் சைக்கிளில வாங்கோ" என்றாள்.

முதுகில் பந்தய எண்களோடு நாங்கள் பாலத்தைக் கடந்து ஸ்டொக்வெல், கிளாப்பம் வழியாகப் போனோம். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றோம். சாப்பாடு கொண்டுபோகிற மின்சாரச் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். இளையவன் பழக்கத்தில் என் பின்சக்கரத்தோடு ஒட்டியே வந்தான். நானும் பழக்கத்தில் காற்றடிக்கும் பக்கம் ஓடினேன்.

அக்கா புட்டும் மீன்குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். அவன் கரண்டியால் நிறையச் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்றைக்கு அவன் உன்னைப் போகாதே என்று சொன்னானா?"

"சொன்னான்."

"அப்படியிருந்தும் நீ எனக்காக நின்றாய்."

அதை அப்படியே விட்டிருக்கலாம். விட வேண்டும் என்று தோன்றவில்லை.

"ரேடியோவில் நிற்கச் சொன்னார்கள்" என்றேன்.

"சொல்லாவிட்டால்?"

"தெரியாது. நான் யோசிக்கவில்லை."

அவன் கரண்டியை வைத்துவிட்டு அழத் தொடங்கினான். சத்தமாகவே அழுதான். கூட்டத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு மலையேறிப் போகிறவன், பந்தயச் சட்டையோடு எங்கள் சாப்பாட்டு மேசையில் தோள்கள் குலுங்க அழுதான். நான் சொதிக் கிண்ணம் அவன் கை பட்டுக் கவிழாதபடி தள்ளி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குசினியிலிருந்து அக்கா வந்தாள். "என்னடா சொன்னனீ அவனுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான்."

அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியதும் அவனைச் சோபாவில் படுக்கச் சொன்னாள். படுத்தவன் உடனேயே தூங்கிவிட்டான்.

குசினியில் நான் தட்டுகளைக் கழுவினேன். அக்கா துடைத்தாள்.

"ஆர் எண்டே தெரியாத பிள்ளை எங்கட மேசையில இருந்து அழுகுது" என்றாள். "நீ அம்மாவுக்கு ஒரு சொட்டும் விடேல்லை."

"வரேல்லை அக்கா."

"தெரியும். உன்னைக் குறை சொல்லேல்லை. சும்மா சொன்னனான்."

அவள் அழுத்தமில்லாமல்தான் சொன்னாள். நானும் அழுத்தமில்லாமல் கேட்டுக்கொண்டேன். குழாயை நிறுத்திய பிறகு கீழே கடையில் யாரோ அரிசி மூட்டைகளை இறக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஏற்கெனவே துடைத்து வைத்த தட்டு ஒன்றை எடுத்து, இன்னொரு தடவை துடைத்தாள்.

மாலையில் மனேஜர் தொலைபேசியில் கேட்டார், அவன் என்னோடு இருக்கிறானா என்று. ஆம் என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார். இளையவன் எழுந்து முகம் கழுவி, அக்காவிடம் நன்றி சொல்லி, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். அந்தக் குளிர்காலம் வேறு நாட்டு அணி ஒன்றுக்கு மாறினான். மூத்தவன் இன்னும் ஒரு வருடம் ஓடிவிட்டு நிறுத்தினான். எனக்கும் இன்னொரு வருடம் கொடுத்தார்கள். அதோடு அணியையே கலைத்துவிட்டார்கள். இப்போது நான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வீதியில் சைக்கிள் ஓடப் பழக்குகிறேன். பக்கம் பார்க்கவும் கை காட்டவும் சொல்லிக்கொடுக்கிற வேலை. பிடித்திருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். பிடிக்காமல் இல்லை.

போன ஜூலையில் அக்கா வீட்டு டீவியில் பிரான்ஸில் நடக்கிற பெரிய பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மலையில் கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்தபடி ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

"உவன் எங்கட வீட்டில சாப்பிட்ட பெடியன் எல்லோ?" என்றாள் அக்கா.

"ஓம்."

"நல்லா மெலிஞ்சு போனான். சாப்பாடு குடுக்கிறேல்லையோ அவங்கள்?"

அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டு முன்னால் நகர்ந்து இருந்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நான் பின்பக்கம் காயப்போட்டிருந்த உடுப்புகளை எடுக்கப் போனேன்.