தானியேல் கழற்றிவைத்த எர்த் கம்பி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் இரும்பாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் தானியேல் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். தகப்பனார் பிறர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர், மகன் ஐ.டி.ஐ. படித்து ஆலைக்குள் போனார். எந்த இயந்திரத்தைத் தொடுவதாயினும் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அதை மறந்தவர்களை அவர் ஏசுவது கேண்டீன் வரைக்கும் கேட்கும்.

சென்ற ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, இரவுப் பணி முடிந்து அவர் வீடு திரும்பியபோது காலை ஏழரை. மனைவி ஜெனிபர், முந்தைய நாள்தான் வந்து இறங்கியிருந்த பழைய கணினியின் முன் அமர்ந்திருந்தார். இரண்டு ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அன்று முதல் நாள். ஒன்பது மணிக்குள் வருகையைப் பதியாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

தானியேலின் பார்வை மனைவியின் கால்களில் நின்றது. வாசற்படியைத் தாண்டிச் செருப்பு வராத வீடு அது.

“ஊட்டுக்குள்ள இன்னா செருப்பு?”

“வெறுங்கால்ல பொட்டிய தொட்டா சுர்ருங்குது. செருப்பு போட்டுகினா ஒண்ணும் பண்ணல. நீங்க போயி நாஷ்டா சாப்புடுங்க.”

அவர் டெஸ்டரை எடுத்துக் கணினிப் பெட்டியின் திருகில் வைத்தார். டெஸ்டருக்குள் சிறுவிளக்கு சிவப்பாக எரிந்தது. பிளக்கில் மூன்று முள்ளும் இருந்தன. சுவிட்சுப் பலகையிலும் குறையில்லை. ஆக, கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றிப் பெட்டியிலேயே நிற்கிறது. உள்ளே ஒரு கம்பி உரசினால் போதும், அது ஜெனிபரின் உடல் வழியாக வழி தேடிக்கொள்ளும். ஓடிப்போய் மெயினை அணைத்தார். திரை கறுத்தது.

“இன்னாங்க இது, மணி எட்டு ஆவப்போவுது.”

“ஒம்போதுக்குள்ள தரேன்.”

“தரலன்னா?”

அவர் கொல்லைக்கு விரைந்தார். மண்ணில் புதைத்த எர்த் குழாய் மொட்டையாக நின்றது. அதோடு இணைந்திருக்க வேண்டிய கம்பி, அழகாகச் சுருட்டப்பட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அப்படிச் சுருட்டும் கை எதுவென்று அவருக்குத் தெரியும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு உயரமான மூங்கில் நட வேண்டியிருந்தது. குழி தோண்டச் சோம்பி, அசையாமல் நின்ற அந்தக் குழாயோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினார். இடைஞ்சலாக இருந்த கம்பியைக் கழற்றினார். ஜனவரியில் மூங்கில் இறங்கியது. கம்பி ஆணியிலேயே தங்கிவிட்டது.

துருவை உப்புத்தாளால் தேய்த்தார். போல்ட் ஏறவில்லை, ஸ்பேனர் இருமுறை வழுக்கி விரலைக் கிழித்தது. மெயினுக்குப் பூட்டு இல்லையே என்ற நினைப்பு வர, எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். மீண்டும் ஒருமுறை ஓடினார்.

“நான் போட்டுடுவேன்னு பயமா?” என்றார் ஜெனிபர், கொல்லைக் கதவருகே நின்று. “கம்பெனில எல்லாருக்கும் வகுப்பு எடுக்கிற ஆளு, இங்க ஒத்த போல்ட்டோட மல்லுக்கட்டிகினுகீறாரு. எட்டே முக்கால்.”

போல்ட் இறுகியது. குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, மெயினைப் போட்டு, சோதனை பல்பை மின்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டினார், பளிச்சென்று எரிந்தது. பெட்டியில் வைத்த டெஸ்டர் இருண்டே இருந்தது. அப்போதும் மனம் ஒப்பாமல், வெறுங்காலோடு நின்று, புறங்கையால் பெட்டியைத் தொட்டார். ஒன்றுமில்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஜெனிபரின் வருகை பதிவாயிற்று.

“யாரு கழட்டனது?” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“நான்தான். ஸ்டார் கட்டறப்போ.”

விசைப்பலகையில் விரல்கள் நின்றன. “ஏழு மாசமா ஈரக்கையோட பிரிட்ஜ தொறந்துகினு கீறேன்.”

தானியேல் கிழிந்த விரலைத் துணியால் சுற்றினார்.

“எதிரூட்டு கன்னியம்மா அக்காவுக்கும் நீங்கதான இதே மாதிரி எர்த் கொழாயில ஸ்டார் கட்டனீங்க?”

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியேறினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்.