ஆஃப் நாள் தூக்கம்

நான் சித்தூர்க்காரி. சென்னையில் தங்கி, உள்நாட்டு ஊர்களுக்கு இடையே பறக்கும் சின்ன ஜெட் விமானங்களில் துணை விமானியாக இருக்கிறேன். எங்கள் சர்ச் சபையில் யாராவது என்னைப் பார்த்தால், "உனக்கு இன்னாமா, உலகத்தயே சுத்திக்கினு இருக்க" என்பார்கள். எந்த உலகத்தை? சென்னையிலிருந்து ஐதராபாத், அங்கிருந்து ரேணிகுண்டா, மறுபடி ஐதராபாத், மறுபடி சென்னை. டவுன் பஸ் ஓட்டுகிறவராவது நடுவில் இறங்கி ஒரு டீ குடிப்பார்.

கடல் தாண்டிப் போகும் பெரிய விமானக்காரர்கள் ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கி, ஏதோ ஒரு ஓட்டலில் போய்ப் படுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு ஒரே நாளில் நாலு ஏற்றம், நாலு இறக்கம். நாலைந்து நாள் கோழி கூவுவதற்கு முன்னால் வண்டி வந்து வாசலில் நிற்கும். உடம்பு அதற்குப் பழகும்போது ரோஸ்டர், அதாவது வேலை அட்டவணை, மாறி மாலை வேலை வரும். அதற்கும் பழகினால் திரும்ப விடியற்காலை. எனக்குப் பசி எப்போது வருகிறது என்பதே சில நாள் தெரிவதில்லை.

என் கணவரும் விமானிதான், வேறொரு கம்பெனியில். இரண்டு ரோஸ்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போன மாதமே கிடையாது. அதனால் எங்கள் மகள் சித்தூரில் என் அம்மாவிடமும் நைனாவிடமும் வளர்கிறாள். இப்போது யு.கே.ஜி. போகிறாள்.

ரோஸ்டரில் ஸ்டாண்ட்பை என்று ஒன்று உண்டு. பறக்கவும் வேண்டாம், ஊருக்குப் போகவும் கூடாது. யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள் என்று சீருடையை இஸ்திரி போட்டுவைத்து, போனைப் பார்த்துக்கொண்டு சென்னையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு வாய்தான் வலித்தது. "ஊட்ல சும்மாதான குந்தினு கீற? ஒரு எட்டு வந்து புள்ளயப் பாத்துட்டுப் போனா இன்னா?" என்பாள்.

அதைவிட வயிற்றெரிச்சல், திருப்பதி விமான நிலையமான ரேணிகுண்டாவில் இறங்குகிற நாட்கள். கதவைத் திறந்ததும் வந்தவர்கள் இறங்குவார்கள், மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக அடுத்தவர்கள் ஏறுவார்கள். அந்த அரைமணியில் நான் கீழே இறங்கி, விமானத்தை ஒரு சுற்று சுற்றி, டயரையும் எஞ்சினையும் பார்த்துவிட்டு ஏற வேண்டும். அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் என் மகள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டே படியேறுவேன்.

ஆஃப் கிடைத்தால் நேரே சித்தூர். போய்ச் சேர்ந்ததும் செய்கிற முதல் வேலை தூங்குவது. அதை ஒரு விரதம் மாதிரி என் வீடே அனுசரித்தது. அம்மா குக்கரைத் தொடமாட்டாள். சோற்றைப் பானையில் வடிப்பாள். நைனா டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, ஓடுகிற தெலுங்கு எழுத்துகளைப் படித்தே செய்தி தெரிந்துகொள்வார். ஒருமுறை சபையார் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடத்தும் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறையில் என் ஆஃப் நாளில் விழுந்தது. பாட்டே இல்லாமல் முடித்தார்களாம். "ஆண்டவருக்கு மனசுல பாடினாலும் கேக்கும், இவ ஏந்துக்கினா அப்புறம் தூங்கமாட்டா" என்று அம்மா வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் கண் விழிக்கும்போது கட்டிலோரம் மகள் உட்கார்ந்திருப்பாள். என் காதருகே வந்து கிசுகிசுவென்று பேசுவாள். போனில் பேசினாலும் அதே கிசுகிசுதான். என் பெண் ரொம்பச் சாது, அதிர்ந்து பேசமாட்டாள் என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் வரவேற்புரையை அவளுக்குக் கொடுத்தார்கள். "நீ வந்து கேளுடி, ஒத்திகைல சர்ச்சே அதிர்து" என்றாள் அம்மா. பாட்டிப் பெருமை என்று நினைத்தாலும், எப்படியாவது போய்விட வேண்டும் என்று இருந்தது. பிறந்தநாள், பள்ளியில் சேர்த்த நாள் எல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. ஆஃப் கேட்டேன், ஸ்டாண்ட்பை போட்டார்கள். கெஞ்சினேன். பெரிய அதிகாரி சரி என்றார், ரோஸ்டர் போடுகிற பையன் முடியாது என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. கடைசியில் ஒரு நண்பர் என் ஸ்டாண்ட்பையை வாங்கிக்கொண்டு, தன்னுடைய முந்தின நாள் விடியற்காலை வேலையை என் தலையில் கட்டினார். அதை முடித்துவிட்டுத்தான் சித்தூர் வந்தேன். மறுநாள் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தூங்கிவிடக் கூடாதே என்று தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

பட்டுப்பாவாடையில் மகள் மேடைக்கு வந்தாள். மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். உடனே தோள் சுருங்கியது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. டீச்சர் மைக்கைத் தாழ்த்தினார். பின்னாலிருந்து ஒருவர், "கட்டிகா செப்பம்மா, வினபடலேது!" என்று, கேட்கவில்லை, சத்தமாகச் சொல் எனத் தெலுங்கில் குரல் கொடுத்தார். மறந்துவிட்டாயா என்று டீச்சர் குனிந்து கேட்டார். அவள் சொன்ன பதில் மைக்கில் விழுந்தது.

"அம்மா வந்துகீது. சத்தம் போடக்கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் சுருக்கென்றது. சாது என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் நான் இருக்கும்போது கடைப்பிடிக்கிற சட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா என் தொடையில் கை வைத்து, மெதுவாகச் சொன்னாள்: "நீ செத்த வெளிய போய் நில்லுமா. நீ இருந்தா அது வாயத் தெறக்காது."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்து, எல்லோரையும் தாண்டி, வாசலுக்கு வெளியே போனேன்.

அப்புறம் வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில், "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்!" என்று ஒரு குரல் வெடித்தது. கணீரென்ற, கொஞ்சம் கரகரத்த குரல். அப்படி ஒரு குரல் என் மகளுக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. போதகரை வரவேற்றாள், பெரியவர்களை வரவேற்றாள், வந்திருந்த தாய்மாரை எல்லாம் வரவேற்றாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, சுவரோடு ஒட்டி நின்றபடியே கடைசிவரை கேட்டேன்.