தாழ இறங்கிய சேம்பர்

1. கட்டிலின் கீழ்க்கம்பி

மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் மூளை அறுவை வார்டில் நான் பொறுப்புச் செவிலியாக இருந்தபோது, பார்வையாளர் நேரத்தில் ஒரு பெண் நோயாளி திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். பெயர் பேச்சியம்மாள், தாராவியிலிருந்து வந்தவர். காசநோய் மூளையுறையைத் தாக்கி, மூளையைச் சூழ்ந்த நீர் வடியும் வழியை அடைத்திருந்தது. உள்ளே ஏறிய அழுத்தத்தைத் தணிக்க மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வெளியே வடித்துக்கொண்டிருந்தோம். வார்டில் அதை ட்ரெயின் என்போம்.

ட்ரெயினில் உயரம்தான் மருந்து. நீர் சொட்டும் சேம்பரை நோயாளியின் காதுத் துளை மட்டத்திலிருந்து அளந்து, மருத்துவர் சொன்ன உயரத்தில் நிறுத்துவோம். உள்ளழுத்தம் அந்த உயரத்தை மிஞ்சினால் மட்டுமே நீர் சொட்டும். சேம்பரை இறக்கிவிட்டால் இருக்கவேண்டிய நீரும் ஓடிவிடும், மூளை உள்வாங்கும், அதன் மேலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுபடலாம்.

நான் ஓடியபோது சேம்பர் கட்டிலின் கீழ்க்கம்பியில் தொங்கியது. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். கணவர் சுடலைமுத்து வெளிறிப்போய் நின்றார்.

"யார் இதைக் கீழே இறக்கினது?"

"நாந்தான் சிஸ்டர். காலையிலேர்ந்து சொட்டு கொறஞ்சுட்டு. பிரஷர் இல்லன்னு நெனச்சுட்டேன்."

அவர் தாராவிச் சந்துகளில் குழாய் வேலை செய்பவர். அங்கே பல வீடுகளில் குழாய்க்கு நீர் ஏறாது. வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கித்தான் குடம் நிரப்புவார்கள். அத்தகைய குழிகள் எத்தனையோ அவர் தோண்டியவை. பழகிய கை இங்கும் அதையே செய்துவிட்டது.

மருத்துவர் மராத்தியர். "யே நல் ஹை க்யா? பாஹர் நிகாலோ இஸ்கோ!" என்று இந்தியில் சீறினார். இது என்ன தெருக்குழாயா, இவனை வெளியே அனுப்பு என்று பொருள். நல்வாய்ப்பாக ஸ்கேனில் இரத்தக் கசிவு தெரியவில்லை. ஆனால் பேச்சியம்மாளுக்கு இந்தி தெரியாது. வேறு துணையும் கிடையாது. கணவரை இருக்கவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என் பொறுப்பில் என்றால் சரி என்றார் மருத்துவர்.

2. வால்வு இல்லாத லைன்

தொடாதீர்கள் என்ற அறிவிப்பு மூன்று மொழிகளில் அந்தக் கட்டிலருகிலேயே தொங்கியது. சுடலைமுத்துவுக்கு அது போதவில்லை.

"ஒரு சந்தேகம் சிஸ்டர். உள்ள தண்ணி எங்கேருந்து வருது? குடிக்கத கொறச்சா நின்னுருமா?"

"நிக்காது தம்பி. மூளைக்குள்ளேயே பின்னல் பின்னலா ரத்தக் குழாய் இருக்கு. ரத்தத்துலேர்ந்து அதுதான் இந்தத் தண்ணியைச் சுரக்குது. ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். ஆனா ஒரு நேரத்துல உள்ளே இருக்கறது அதுல மூணுல ஒரு பங்குகூட வராது."

"மிச்சம் எங்க போவுது?"

"ரத்தத்துக்கே திரும்பிடும். பழசு போகப் போகப் புதுசு ஊறும்."

"சரி, நெறஞ்சா அடைக்கதுக்கு வால்வு?"

"ஊறுற இடத்துல அப்படி ஒண்ணும் இல்லை. வழி அடைச்சாலும் அது பாட்டுக்கு ஊறிக்கிட்டேதான் இருக்கும்."

"வால்வே இல்லாம எவன் சிஸ்டர் இந்த லைனப் போட்டான்?"

பேச்சியம்மாள் படுத்தபடியே, "போட்டவன்ட்ட போயி சண்ட போடுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுரப்பு ஏறக்குறைய மாறாமல் நடக்கிறது. அழுத்தம் ஏறும்போது நீரை இரத்தத்துக்குள் கூடுதலாக ஏற்றுக்கொள்வதன் மூலமே மண்டையோட்டுக்குள் சமநிலை காக்கப்படுகிறது. பேச்சியம்மாளுக்குப் பழுதானது அந்த வழிதான். சொட்டு குறைவது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். எதுவென்று சோதித்துத்தான் சொல்லமுடியும் என்றும், சேம்பரை இறக்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்றும் சுடலைமுத்துவுக்கு விளக்கினேன்.

3. மூடிவைத்த நாள்

மருந்து வேலை செய்தது. ட்ரெயினை மூடிவைத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். தலைவலியோ மயக்கமோ இல்லையென்றால் குழாயை எடுத்துவிடலாம். இருந்தால் ஷண்ட் வைக்கவேண்டும். அதாவது, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் நிரந்தரக் குழாய். அந்த அறுவையை நினைத்தாலே பேச்சியம்மாளுக்கு நடுக்கம்.

மறுநாள் காலை சுடலைமுத்து என் மேசைக்கு வந்தார்.

"சிஸ்டர், அவ சொல்லக் கூடாதுன்னா. விடியக்காலத்துலேர்ந்து தல வலிக்காம். கண்ணு வேற சொருகுது. சொன்னா ஆபரேசன்னுருவாங்கன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதா."

"குழாயைத் தொட்டீங்களா?"

"தொடல. அவ தொறந்துவிடத்தான் சொன்னா. நேரா இங்க வந்துட்டேன்."

மருத்துவரை அழைத்து, அவர் சொற்படி ட்ரெயினைத் திறந்தேன். நீர் பீறிட்டு ஏறியது. இன்னும் சில மணிநேரம் மறைத்திருந்தால் பேச்சியம்மாள் நினைவிழந்திருக்கக் கூடும். ஷண்ட் வைப்பதென்று அன்றே முடிவாயிற்று.

வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்க்கு இதைச் சொல்வதுண்டு. தொடாதே என்று மட்டும் சொல்லிவைத்தால், நாம் அப்பால் நகர்ந்ததும் உறவினரின் கை நீளும். ஏன் தொடக்கூடாது என்று விளங்கிவிட்டால், நம் கண்ணுக்குத் தப்பியதையும் அவரே வந்து சொல்வார், அது தமக்கே கசப்பான செய்தியாக இருந்தாலும்.

அறுவை முடிந்து கண்விழித்த பேச்சியம்மாள், மழித்த தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கணவரை முறைத்தார்.

"ஒங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"ஏசு, நல்லா ஏசு" என்றார் சுடலைமுத்து. "ஏசதுக்கு நீ இருக்கேல்லா, அது போதும்."